பதினேழாவது பாட்டு

1

நேற்று இஞ்சை, இத்தாலியிலை பலேர்மோ நகரத்துப் போர்கோ வெக்கியோவிலை இருக்கிற மெக்கானிக் கார் ரேடியோவைக் கழட்டி, உள்ளுக்கை வருசக்கணக்கா இறுகிக் கிடந்த சிடியைக் குறட்டாலை இழுத்து எடுத்தான். பல்லுப் பிடுங்கின டொக்டர் மாதிரி அதை வெயிலுக்குப் பிடிச்சுப் பாத்திட்டு, "இதுக்கோ இவ்வளவு பாடு?" எண்டான். ஓம், இதுக்குத்தான் எண்டன். அவன் தலையை ஆட்டிப்போட்டுப் போய்க் கோப்பி குடிச்சான்.

கார் தேவண்ணையின்ரை. அவர் செத்து ஒரு வருசம் ஆகுது. பெண்சாதி சாந்தியக்காவுக்குக் கார் ஓடத் தெரியாது. மகள் ஆரணி ரெண்டுதரம் லைசென்ஸ் எடுக்கப் போய் ரெண்டுதரமும் வாய் காட்டினதாலை பெயில். அப்பன்ரை வாய் அப்பிடியே வந்திருக்கு. அதாலை, "சுதா, நீ வைச்சு ஓடு. கிழமைக்கு ஒருக்கால் எங்களைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போ" எண்டு சாந்தியக்கா கார்த் திறப்பைத் தந்தா. நான் காசில்லாத டிறைவர். அவைக்கும் லாபம், எனக்கும் மொண்டெல்லோவிலை வேலைக்குப் போக பஸ்ஸுக்கு நிக்கத் தேவையில்லை.

ஆனால் காரோடை அந்தச் சிடியும் வந்திட்டுது. வெளியிலை வராது. ரேடியோவும் பிடிக்காது. எஞ்சினைப் போட்டால் பாட்டுத் துவங்கும். ஒரு அயர்லாந்துப் பொம்பிளை. பேர் எனக்கு வாயிலை வராது. அவவின்ரை பேர்போன பாட்டுகள் எல்லாம் பொறுக்கிச் சேத்த சிடி, மொத்தம் பதினாறு. கடலைப் பாத்துக்கொண்டு போகேக்கை நாலாவது நல்லா இருக்கும். சிக்னலிலை நிக்கேக்கை ஒன்பதாவது வந்தால் பக்கத்துக் கார்க்காரன் எங்கடை வீட்டிலை ஆரோ செத்துப்போச்சு எண்டு நினைப்பான். உண்மையிலையே செத்தும் போச்சு, அது வேறை கதை.

எனக்கு ஓ.எல். சோதினையிலை இங்கிலீசுக்கு டபிள்யூ, எண்டால் பெயில். அதாலை ஒரு வரியும் விளங்காது. பாட்டு மட்டும் பதினாறும் பாடம்.

2

தேவண்ணைக்கும் இங்கிலீசு விளங்காது. அவர் இருவத்தெட்டு வருசம் வியா லிபெர்த்தா ரோட்டுப் பக்கம் ஒரு டாக்டரம்மா வீட்டிலை வேலை செய்தவர். வீடு துடைக்கிறது, சமைக்கிறது, சட்டி கழுவிறது, நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிறது. நாய் மூண்டு மாறிச்சுது, தேவண்ணை மாறேல்லை. டாக்டரம்மா போனிலை பாட்டுக் கேக்கத் துவங்கின உடனை சிடி எல்லாத்தையும் ஒரு பெட்டியிலை போட்டுக் குப்பைக்கு வைச்சிட்டா. தேவண்ணை மேலை கிடந்ததை எடுத்தார். அதுதான் இது.

எடுக்கேக்கை டாக்டரம்மா சொன்னாவாம், "தேவா, இவ சும்மா பாட்டுக்காரி இல்லை. மேடையிலை நிண்டுகொண்டு பெரிய பெரிய ஆக்களை முகத்துக்கு நேரை நியாயம் கேட்டவ. அதுக்குப் பிறகு அவவைக் கூப்பிடுறதை விட்டிட்டினம். ரேடியோவிலும் போடேல்லை. அண்டைக்கு அப்பிடி நியாயம் கேக்க முதல் ஒரு பாட்டுப் பாடினவ. அந்தப் பாட்டு இந்தச் சிடியிலை இல்லை."

"ஏன் இல்லை?"

"கொம்பனிக்காரர் பொறுக்கினது, தேவா. விக்கிறதுக்கு."

இது தேவண்ணைக்குப் பெரிய விசயமாப் போச்சு. காரிலை ஏறுற எல்லாருக்கும் சொல்லுவார். "நல்லாப் பாடுறா என்ன? ஆனால் முக்கியமான பாட்டு இதிலை இல்லை." வந்த ஆள் இருக்கிற பதினாறையும் கேக்கிறதோ, இல்லாத ஒண்டைப் பற்றிக் கவலைப்படுறதோ எண்டு தெரியாமல் முழிக்கும். ஒரு நாள் சிடிப் பெட்டியின்ரை பின்பக்கம், பதினாறு பாட்டின்ரை பேருக்கும் கீழை, தடிச்ச பேனையாலை தமிழிலை எழுதிவிட்டார். "17. விட்டுப்போனது." பாட்டின்ரை பேர் தெரியாது எண்டதாலை அப்பிடி.

ஆரணி போனிலை தேடிப்பிடிச்சு அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டினாள். நானும் பின் சீற்றிலை இருந்தனான். தேவண்ணை காரை ஓரமா விட்டிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, கோயிலிலை நிக்கிற மாதிரிக் கேட்டார். முடிஞ்சுது.

"எப்பிடி அப்பா?"

"அவ்வளவு நல்லா இல்லை," எண்டார்.

நான் சிரிச்சுப்போட்டன். "இதுக்கோ அண்ணை ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சனியள்?"

"நல்லா இல்லைத்தான். எண்டாலும் இருந்திருக்கோணும்," எண்டு சொல்லிப்போட்டு காரை எடுத்தார்.

3

அந்தப் பாட்டுக்காரியிலை தேவண்ணைக்கு ஏன் இவ்வளவு உருத்து எண்டு விளங்க, நாலு வருசத்துக்கு முந்தின ஒரு கதை சொல்லோணும்.

எங்கடை ஊர் ஆக்களுக்கு இஞ்சை ஒரு ஒன்றியம் இருக்கு. வருசம் ஒருக்கால் மண்டபத்திலை கலைவிழா. சின்னனுகள் தேவாரம் பாடும், 'ழ'வை எங்கையாவது துலைச்சுப்போட்டு வரும். பெரிய ஆக்கள் பேசுவினம். கடைசியா நன்றியுரை. மண்டபம் பிடிச்சவருக்கு நன்றி, மேளம் ஒழுங்கு செய்தவருக்கு நன்றி, பரிமாறினவைக்கு நன்றி, எல்லாம் பேர் சொல்லி. பிறகு, "மற்றும் உதவிய அனைவருக்கும் நன்றி." இதோடை சோடாப் போத்தல் திறக்கிற சத்தம் கேக்கும்.

அந்த மற்றும் அனைவரும் ஆர் எண்டால் மூண்டு பேர். ராசண்ணை, அவரின்ரை பெண்சாதி யோகமக்கா, யோகமக்காவின்ரை தம்பி செல்வம். ஒவ்வொரு வருசமும் குசினிக்குப் பின்னாலை அண்டாக் கழுவிறது அவை. ஏன் எப்பவும் அவை எண்டு ஒருத்தரும் கேக்கிறதில்லை. கேக்காமலே எல்லாருக்கும் தெரியும். சாதி எண்ட சொல்லை எங்கடை ஆக்கள் இத்தாலிக்குக் கொண்டுவரேல்லை. சொல்லை அங்கை விட்டிட்டுச் சாமானை மட்டும் கொண்டுவந்திருக்கினம். நான் திறம் எண்டு புழுகேல்லை. நான் வந்து பதினொரு வருசம், அந்த அண்டாப் பக்கம் ஒருநாளும் போனதில்லை. நான் பரிமாறுற பக்கம். தேவண்ணையும் எங்கடை பக்கம்தான்.

அந்த முறை செயலாளர் "மற்றும் உதவிய அனைவருக்கும்" எண்டு வாசிச்சு முடிக்க முதல் தேவண்ணை எழும்பிப் போய் மைக்கை வாங்கினார்.

"அந்த அனைவரும் ஆர் எண்டு ஒருக்கால் வாசியுங்கோ பாப்பம்," எண்டார். "மூண்டே மூண்டு பேர். மூண்டு பேரை எழுதப் பேப்பரிலை இடம் இல்லையோ?"

ஒன்றியத் தலைவர் நல்லா உடுப்புப் போடுற, மெதுவாக் கதைக்கிற மனிசன். "தேவா, பிறகு கதைப்பம்," எண்டு சொல்லிக்கொண்டு வந்து மைக் வயரை இழுத்துப்போட்டார். அது வீண் வேலை. தேவண்ணைக்கு மைக் ஒருநாளும் தேவைப்பட்டதில்லை. அவர் போனிலை ஹலோ சொன்னாலே முன் வீட்டு இத்தாலி அம்மா, சிஞ்ஞோரா, யன்னல் சாத்துவா.

அவர் கத்தினதை எனக்கு அப்பிடியே பாடம். "இஞ்சை வந்த நாங்கள் எல்லாரும் சட்டி கழுவ வந்தனாங்கள் தானே? திங்கள் துவக்கம் சனி மட்டும் இத்தாலிக்காரன்ரை சட்டியைக் கழுவிறம். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் எங்கடை சட்டியைக் கழுவ மட்டும் கை கூசுதோ?"

அதுக்குப் பிறகு கொஞ்சம் அச்சிலை போடேலாத சொல்லுகளும் வந்துது. சனம் சாப்பாட்டுத் தட்டைப் பாத்துக்கொண்டு இருந்துது. யோகமக்கா வெளியிலை கை ஈரத்தோடை கேட்டுக்கொண்டு நிண்டவ. உள்ளுக்கை வரேல்லை.

அடுத்த வருசம் தேவண்ணை வீட்டுக்கு அழைப்பிதழ் வரேல்லை. அதுக்கு அடுத்த வருசமும் வரேல்லை. சண்டை ஒண்டும் இல்லை. கண்டால் சிரிப்பினம். அவ்வளவுதான்.

4

போன வருசம் தேவண்ணை டாக்டரம்மா வீட்டுப் படியிலை நாயோடை இறங்கேக்கை நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு இருந்தவர், எழும்பேல்லை. நாய் பக்கத்திலை படுத்திருந்ததாம். அம்பத்தேழு வயது.

செத்த பிறகு பேப்பர் வேலை. எங்கடை பாஸ்போட்டிலை அப்பாவின்ரை பேர் முன்னுக்கு, எங்கடை பேர் பின்னுக்கு. இஞ்சத்தை ஆக்களுக்கு எது ஆள், எது அப்பா எண்டு எப்பிடித் தெரியும்? ஒரு பத்திரத்திலை தேவண்ணை செத்திருந்தார், இன்னொண்டிலை அவரின்ரை அப்பா செத்திருந்தார். அப்பா ஊரிலை முப்பது வருசத்துக்கு முந்தியே ஒருக்கால் செத்த மனிசன். ஆரணிதான் அரசாங்கக் கந்தோர் கந்தோரா ஏறி இறங்கினாள். ஒரு யன்னலிலை இருந்த பொம்பிளை, "அப்ப உன்ரை குடும்பப் பேர் என்ன?" எண்டு கேக்க, "அது நாங்கள் இன்னும் முடிவெடுக்கேல்லை, சிஞ்ஞோரா," எண்டிருக்கிறாள்.

செத்த வீட்டிலை அடுப்பு மூட்டிறதில்லை எண்டதாலை, அந்தக் கிழமை முழுக்க ராசண்ணையும் யோகமக்காவும் சமைச்சுக் கொண்டுவந்தினம். சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு. துக்கத்துக்கு வந்த சில பேர் தட்டை வாங்கேல்லை. ஒருத்தருக்கு வயிறு சரியில்லை, ஒருத்தர் இப்பத்தான் சாப்பிட்டிட்டு வந்தவர், இன்னொருத்தருக்கு அண்டைக்கெண்டு விரதம். பலேர்மோவிலை ஒரே நாளிலை இத்தனை பேருக்கு வயிறு பழுதாப் போனதை நான் அதுக்கு முதல் காணேல்லை. சாந்தியக்கா மூலையிலை தலையைக் குனிஞ்சுகொண்டு இருந்தா. ஒண்டையும் கவனிக்கேல்லை எண்டுதான் நான் நினைச்சன்.

அடுத்தது கல்வெட்டு. வெளியூர் ஆக்களுக்குச் சொல்லுறன், முப்பத்தோராம் நாள் சாப்பாடு குடுத்து, செத்தவரின்ரை படம் போட்ட ஒரு சின்னப் புத்தகமும் குடுக்கிறது எங்கடை வழக்கம். அதுக்குப் பேர்தான் கல்வெட்டு. தேவாரம், செத்தவரின்ரை வரலாறு, பெண்சாதி புலம்பல், பிள்ளையள் புலம்பல், கடைசிப் பக்கம் நன்றி. இஞ்சை அதைச் செய்யிற ஆள் நான். எட்டாம் வகுப்போடை படிப்பிலை மனம் விட்டுப்போன எனக்கு இந்த உத்தியோகம் எப்பிடி வந்தது எண்டால், எங்கடை ஆக்களுக்குள்ளை கொம்பியூட்டரிலை தமிழ் அடிக்கிறவன் நான் ஒருத்தன்தான்.

ரகசியம் ஒண்டு சொல்லுறன். என்னட்டை ஒரே ஒரு கல்வெட்டுத்தான் இருக்கு. பேரை மாத்தி, படத்தை மாத்தி, ஊரிலை இருக்கிற அச்சகத்துக்கு அனுப்பினால் பொதி வரும். அதுவரைக்கும் பதினொண்டு செய்திருந்தன். பதினொரு பேரும் "அதிர்ந்து பேசாதவர்", பதினொரு பேரும் "அனைவரோடும் இன்முகத்தோடு பழகியவர்". என்ரை கணக்குப்படி பலேர்மோவிலை செத்த தமிழன் ஒருத்தனும் உயிரோடை இருக்கேக்கை சத்தம் போட்டதில்லை.

5

தேவண்ணையின்ரையை அரை மணித்தியாலத்திலை முடிச்சு, ஆரணியிட்டைக் காட்டினன். அவள் இஞ்சை பிறந்தவள், யூனிவர்சிட்டியிலை படிக்கிறாள். தமிழ்ப் பள்ளிக்கூடம் மூண்டாம் வகுப்பு மட்டும். முறைப்படி பாத்தால் நான் அவளுக்குச் சித்தப்பா. அவள் "சுதா, நீ" எண்டுதான் கதைப்பாள். இத்தாலிப் பழக்கம் எண்டு நான் விட்டிட்டன்.

அவள் ஒவ்வொரு எழுத்தாக் கூட்டி வாசிச்சாள். கேட்டுக்கொண்டு இருக்க எனக்கு நித்திரை வந்துது.

"சி-ற-ந்-த இல்-லத்-தரசி. இல்லத்தரசி எண்டால் என்ன சுதா?"

நித்திரை போச்சு. இதுக்கு முதல் செய்தது பரமேஸ்வரி மாமியின்ரை கல்வெட்டு. அந்த வரி மாத்துப்படேல்லை. தேவண்ணை சிறந்த இல்லத்தரசியாக விளங்கினார் எண்டு இருக்கு. அது ஒருவகையிலை உண்மைதான், இருவத்தெட்டு வருசம் டாக்டரம்மா வீட்டை அவர்தான் பாத்தவர். எண்டாலும் எடுத்துவிட்டன். வேகமா வாசிக்கிற எங்கடை ஆக்கள் ஒருத்தரும் இதைப் பிடிச்சிருக்க மாட்டினம்.

அவள் விடேல்லை. அடுத்த வரிக்குப் போனாள். "அதிர்ந்து பேசாதவர். இது என்ன?"

"சத்தமாக் கதைக்காத ஆள்."

"ஆர்?"

"அப்பாதான்."

அவள் என்னைப் பாத்தாள். "அல்லோரா, அப்பிடியெண்டால் இது வேறை ஆளின்ரை புத்தகம்."

"எல்லாருக்கும் இப்பிடித்தான் போடுறது ஆரணி. செத்தவரைப் பற்றி நல்லதைத்தானே சொல்லோணும்."

"நான் கெட்டது போடச் சொல்லேல்லை. அப்பா அண்டைக்கு மண்டபத்திலை சொன்னதைப் போடு. சட்டிக் கதை."

"விசரோ உனக்கு? அது நல்லா இராது."

"நல்லா இராதுதான்," எண்டாள். "எண்டாலும் இருக்கோணும்."

அதை முதல் சொன்ன மனிசன்ரை படம் மேசையிலை, மாலைக்குப் பின்னாலை, வாயை மூடிக்கொண்டு இருந்துது. அந்தப் படத்தைத் தெரிஞ்செடுத்ததும் நான்தான். வாய் மூடின படம் அது ஒண்டுதான் அம்பிட்டது.

சாந்தியக்கா குசினியிலை இருந்து எல்லாம் கேட்டிருக்கிறா. கையைத் துடைச்சுக்கொண்டு வந்தா.

"அந்தக் கதை வேண்டாம்."

"ஏன் அம்மா?"

"மண்டபம் ஒன்றியத்தின்ரை. அண்டா ஒன்றியத்தின்ரை. சனமும் ஒன்றியத்தின்ரை. முப்பத்தொண்டு அண்டு ஒருத்தரும் வராமல் போனால் உன்ரை கொப்பர் செத்ததே ஒருத்தருக்கும் தெரியாத மாதிரி. ரெண்டு வருசம் என்னை ஒரு கலியாண வீட்டிலும் கூப்பிடேல்லை, உனக்குத் தெரியுமே? நீ யூனிவர்சிட்டிக்குப் போவாய். நான் இந்தச் சனத்துக்குள்ளைதான் இருக்கோணும்."

"அப்ப அப்பா சத்தமே போடேல்லையோ?"

"போட்டவர். போதும்."

ஆரணி இத்தாலிப் பாசையிலை ஏதோ சொல்லிப்போட்டு அறைக்குள்ளை போய்க் கதவைச் சாத்தினாள். தாய்க்கு இத்தாலி விளங்கும், எண்டாலும் விளங்காத மாதிரி நிண்டா. எனக்கு ரெண்டு பேரின்ரை பக்கமும் சரி போலைதான் கிடந்துது. இப்பிடியான நேரத்திலை நான் வழக்கமாச் செய்யிறது பகிடி விட்டிட்டு வெளிக்கிடுறது. அண்டைக்கு ஒரு பகிடியும் வரேல்லை. சும்மா வெளிக்கிட்டன்.

6

காரிலை ஏறினன், பாட்டுத் துவங்கிச்சுது. துறைமுகப் பக்கம் நாப்போலிக் கப்பலுக்கு லொறிகள் வரிசையா நிண்டதாலை ரோட்டு அசையேல்லை. பதினாறும் முடிஞ்சு திரும்ப முதலாவது வந்துது. டாஷ்போட்டுக்கை கிடந்த சிடிப் பெட்டியை எடுத்துப் பாத்தன். "17. விட்டுப்போனது." தேவண்ணை பதினாறுக்குள்ளை ஒண்டையும் வெட்டேல்லை. முன்பக்கத்திலை கை வைக்கேல்லை. பின் பக்கத்திலை, கடைசியிலை ஒரு வரி. அவ்வளவும்தான்.

அப்பத்தான் எனக்கு ஒரு யோசினை ஓடிச்சுது. பதினொரு கல்வெட்டுக் குடுத்து, பதினொரு முப்பத்தொண்டுச் சாப்பாட்டிலும் சனம் என்ன செய்யுது எண்டு பாத்த ஆள் நான். தேவாரம் ஒருத்தரும் வாசிக்கிறதில்லை. வரலாறு வாசிக்கிறதில்லை. புலம்பல் ஒருத்தரும் வாசிக்கிறதே இல்லை, புலம்பின பிள்ளையளே வாசிக்காதுகள். எல்லாரும் புத்தகத்தைப் பின்னாலை இருந்து திறப்பினம். நன்றிப் பக்கம். தங்கடை பேர் இருக்கோ, எத்தினையாவதா இருக்கு, எழுத்துச் சரியோ. கல்வெட்டிலை வாசிக்கப்படுறது அந்த ஒரு பக்கம்தான்.

அடுத்த நாள் போய் ஆரணியிட்டைச் சொன்னன். வரலாறு அப்பிடியே இருக்கட்டும். அதிர்ந்து பேசாதவரை மட்டும் எடுத்துவிடுவம். நன்றியிலை தலைவர், செயலாளர் எல்லாரையும் போட்டு, அவைக்குக் கீழை ராசண்ணை, யோகமக்கா, செல்வம் எண்டு மூண்டு பேரும், என்ன செய்தவை எண்டதையும் போடுவம். சட்டி கழுவினது எண்டே போடுவம்.

"கீழையோ?" எண்டாள்.

"இருக்குதே. அதைப் பார்."

அவளுக்கு அரை மனம்தான். எண்டாலும் தானே அடிக்கிறன் எண்டு ஒவ்வொரு எழுத்தாத் தேடி அந்த மூண்டு பேரையும் அடிச்சாள். 'ண்' எங்கை, 'ந்' எங்கை எண்டு கேட்டுக் கேட்டு. ஒரு மணித்தியாலம் போச்சு.

அச்சுக்கு அனுப்ப முதல் சாந்தியக்காவிட்டைக் காட்டோணும். ரெண்டு பேரும் பயந்து பயந்து நீட்டினம். அவ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முன்னாலை இருந்து வாசிச்சா. தேவாரம் வாசிச்சா. வரலாறு வாசிச்சா, கொஞ்சம் அழுதா. புலம்பலும் வாசிச்சா. கல்வெட்டு முழுசா வாசிச்ச முதல் ஆளை அண்டைக்குத்தான் கண்டன். கடைசிப் பக்கம் வந்துது. விரலை வைச்சு ஒவ்வொரு பேராப் பாத்தா. ஆரணி என்ரை காலை மிதிச்சுக்கொண்டு நிண்டாள்.

"தலைவர் என்ன செய்தவர்?" எண்டு கேட்டா.

"எதுக்கு அக்கா?"

"இஞ்சை முதலாவதாப் பேர் இருக்கு. நன்றி எண்டால் ஏதும் செய்திருக்கோணும். என்ன செய்தவர்?"

யோசிச்சுப் பாத்தன். "துக்கத்துக்கு வந்தவர்."

"வந்தவர். வயிறு சரியில்லை எண்டவர்," எண்டா சாந்தியக்கா. "அப்ப பேர் ஏன்? எடு. மற்றும் அனைவருக்கும் எண்டதுக்கை அவரும் செயலாளரும் வருவினம் தானே."

கண்ணாடியைக் கழட்டி மடிச்சு வைச்சிட்டு அரிசி களையப் போயிட்டா. நானும் ஆரணியும் ஒருத்தரை ஒருத்தர் பாத்தம். நாங்கள் ரெண்டு பேரும் பெரிய புரட்சிக்காரர் எண்டு நினைச்சுக்கொண்டு கீழை ஒரு மூலையிலை எழுதினம். மனிசி ஒரே வெட்டிலை தலையையே வெட்டிவிட்டா.

7

முப்பத்தொண்டுக்குச் சனம் மண்டபத்துக்கு வந்துது. கல்வெட்டு முன்னுக்கு அனுப்பிற சாமான் இல்லை, சாப்பிட்டு முடியத்தான் குடுக்கிறது. அதாலை வராமல் விட ஒருத்தருக்கும் காரணம் கிடைக்கேல்லை. தேவண்ணைக்காக வந்தினமோ, அவர் இனிக் கத்த மாட்டார் எண்ட நிம்மதியிலை வந்தினமோ, கதிரை நிறைஞ்சுது. சாந்தியக்காவுக்கு அது போதும்.

சாப்பாடு முடிய நான் புத்தகத்தைக் குடுத்துக்கொண்டு போனன். நான் சொன்ன மாதிரித்தான், எல்லாரும் பின்னாலை இருந்து திறந்தினம். முதல் வரி: "துக்க நாட்களில் ஏழு நாளும் உணவு சமைத்துத் தந்து, இன்று அண்டாக் கழுவித் தருபவர்களான" எண்டு துவங்கி மூண்டு பேரின்ரை பேர், முழுப் பேர், தகப்பன் பேரோடை. பிறகு நாயைப் பாத்துக்கொண்டு நிண்டு அம்புலன்சுக்குப் போன் அடிச்ச டாக்டரம்மா. பிறகு இன்னும் நாலு பேர். கடைசி வரி, மற்றும் உதவிய அனைவருக்கும்.

தலைவர் ஒருக்கால் வாசிச்சார். முன் அட்டையைப் பாத்தார், சரியான புத்தகமோ எண்டு. திரும்ப வாசிச்சார். கையைக் காட்டி என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, அச்சுப்பிழை ஏதோ வந்திட்டுது போலை."

"எங்கை அண்ணை?"

"நன்றியிலை."

"பேர் ஏதும் பிழையா விழுந்திட்டுதோ?"

"பேர் விழேல்லை."

"நீங்கள் இருக்கிறியள் அண்ணை," எண்டன். "கடைசி வரியிலை. வடிவாப் பாருங்கோ."

அவர் வடிவாப் பாத்தார். அந்த நேரம் சாந்தியக்கா பாயாச வாளியோடை வந்து, "அண்ணை, இன்னும் கொஞ்சம் விடட்டோ?" எண்டா. மனிசன் அவவைப் பாத்தார், வாளியைப் பாத்தார். "போதும் தங்கச்சி," எண்டார். புத்தகத்தை மடிச்சுக் கோட்டுப் பொக்கற்றுக்கை வைச்சுக்கொண்டு போனார். எறிஞ்சிட்டுப் போகேல்லை. செத்த ஆளின்ரை படம் போட்ட புத்தகத்தை எங்கடை ஆக்கள் எறிய மாட்டினம். கல்வெட்டிலை இருக்கிற ஒரே பலம் அதுதான்.

யோகமக்கா பின்னாலை அண்டாவுக்குப் பக்கத்திலை இருந்து, ஈரக் கை படாமல் ரெண்டு விரலாலை பிடிச்சு, தன்ரை பேரைப் பாத்தா. "என்ரை அப்பாவின்ரை பேரும் போட்டிருக்கு," எண்டு மட்டும் சொன்னா. பிறகு அதைப் பொலித்தீன் பையிலை சுத்தி வைச்சிட்டுத் திரும்பக் கழுவினா.

8

இவ்வளவும் போன வருசம். இந்த வருசம் சாந்தியக்கா வீட்டுக்கு ஒன்றியத்தின்ரை அழைப்பிதழ் வந்துது. ஏன் வந்தது எண்டு நான் கேக்கேல்லை. இந்த முறை மண்டபம் இல்லை, பவோரித்தாப் பூங்காவிலை மரத்துக்குக் கீழை ஒன்றுகூடல். போன ஞாயிறு. தேவண்ணையின்ரை காரிலை நானும் சாந்தியக்காவும் ஆரணியும் போனம். வழிமுழுக்க அயர்லாந்துக்காரி.

நன்றியுரை தலைவரே சொன்னார். பேர்ப் பட்டியல் ஒண்டும் கையிலை இல்லை. "பேர் சொல்லப் போனால் ஆரும் விட்டுப்போகும்," எண்டார், என்னைப் பாக்காமல். "அதாலை இந்த முறை பேர் ஒண்டும் சொல்லேல்லை. உதவிய அனைவருக்கும் பொதுவா நன்றி." சனம் கை தட்டிச்சுது. ஆரணி என்ரை காதுக்கை, "இப்ப எல்லாரையும் அதுக்கை போட்டிட்டார்," எண்டாள். கெட்டிக்காரன்தான் எண்டு நானும் நினைச்சன்.

சாப்பிட்டு முடிஞ்சுது. அண்டா மூண்டும் பைப்படிக்குக் கிட்ட அடியிலை சோறு பிடிச்சபடி கிடந்துது. ராசண்ணையும் யோகமக்காவும் செல்வமும் ஒரு மரத்துக்குக் கீழை பாய் விரிச்சு இருந்து கச்சான் கடலை உடைச்சுக்கொண்டு இருந்தினம். நேரம் போச்சு. செயலாளர் ரெண்டுதரம் அண்டாப் பக்கம் பாத்தார், ரெண்டுதரம் மரத்துப் பக்கம் பாத்தார். கடைசியிலை தலைவரே போனார்.

"ராசா, நேரமாகுது. அண்டாவெல்லாம் ஆர் கழுவிறது?"

ராசண்ணை கச்சான் கோதை ஊதிவிட்டார். மெதுவான மனிசன், சத்தம் போட்டு நான் ஒருநாளும் கேட்டதில்லை. இப்பவும் போடேல்லை.

"அனைவரும்," எண்டார்.

சாந்தியக்கா எழும்பி, சீலைத் தலைப்பை இடுப்பிலை சொருகி, ஒரு அண்டாவைப் பைப்படிக்கு இழுத்தா. தகரம் கல்லிலை உரஞ்சின சத்தம் ஊருக்கே கேட்டிருக்கும். தலைவர் கை மணிக்கூட்டைக் கழட்டிச் சேட்டுப் பொக்கற்றுக்கை வைச்சார்.

நான் நிலைமையைப் பாத்திட்டு, "பாட்டு ஒண்டு போட்டால் நல்லா இருக்கும், காரடிக்குப் போயிட்டு வாறன்," எண்டு நழுவப் பாத்தன். ஆரணி சேட்டுக் கொலரிலை பிடிச்சாள்.

"போடு. கதவைத் திறந்துவிட்டிட்டு வா. பைப்படிக்குக் கேக்கும்."

போட்டன். திறந்துவிட்டிட்டு வந்தன். ராசண்ணை தேங்காய்ப்பொச்சும் சாம்பலும் கொண்டுவந்து தந்து, எப்பிடித் தேய்க்கிறது எண்டு காட்டிப்போட்டுத் திரும்பப் போய்ப் பாயிலை இருந்தார். பாட்டு பதினாறும் முடிஞ்சு திரும்ப முதலாவது துவங்கிச்சுது. என்ரை அண்டாவிலை அடிப்பிடிச்ச சோறு அரைவாசிதான் கழண்டிருந்துது.